கோயில் கட்டை

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் சாப்பாட்டு நினைப்பில் வீட்டைப் பார்த்து நடப்பார்கள். நான் மட்டும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஆர்கனின் பின்பலகையைக் கழற்ற உட்கார்ந்துவிடுவேன். உள்ளே ஏதாவது முனகினால் எனக்குச் சோறு இறங்காது. முனகாவிட்டால், ஏன் முனகவில்லை என்று ஒரு யோசனை. "உனக்கு உக்காந்த இடத்துல முள்ளு மொளைக்கும்டா" என்பாள் அக்கா. பொய் இல்லை. எனக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. எந்த ஆர்டர் எந்த வாரம் போக வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலை. தோல் வந்தால் ஸோல் வராது. இரண்டும் வந்தால் லேஸ் துறைமுகத்தில் நிற்கும். மூன்றும் வந்து சேர்ந்த அன்றைக்கு, வாங்குகிற வெளிநாட்டுக்காரன் கலரை மாற்றச் சொல்லி மெயில் போடுவான். வருஷக்கணக்கில் இப்படியே போனால் யாருக்குத்தான் பொறுமை மிஞ்சும்?

அந்த ஆர்கன் நான் பிறப்பதற்கு முன்பே அமெரிக்காவிலிருந்து கப்பலில் எங்கள் கோயிலுக்கு வந்தது. சர்ச்சைத்தான் நாங்கள் கோயில் என்போம். பார்ப்பதற்குப் பெரிய மர மேஜை மாதிரி இருக்கும். கைக்கு இரண்டு அடுக்குக் கட்டைகள், காலால் மிதிக்க ஒரு வரிசை. குழாயும் கிடையாது, துருத்தியும் கிடையாது. உள்ளே ஒரு மோட்டார் நீளமான தண்டைச் சுற்றும். தண்டோடு சேர்ந்து, ஓரத்தில் பல் வெட்டிய இரும்பு வில்லைகள் வரிசையாகச் சுற்றும். ஒவ்வொரு வில்லையின் பக்கத்திலும் ஒரு காந்தம். வில்லை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அதுதான் சுரம். கட்டைகளுக்கு மேலே சின்னச் சின்ன இழுப்புக் கம்பிகள் இருக்கும். ஒன்றை இழுத்தால் சத்தத்தில் காரம் ஏறும், இன்னொன்றை இழுத்தால் உப்பு. எல்லாவற்றையும் ஒரேயடியாக இழுத்தால் கோயில் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். நான் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரேயடியாக இழுக்கிறவன்.

அதைக் கிளப்புவதே ஒரு சடங்கு. முதலில் ஒரு ஸ்விட்சை அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தண்டு சோம்பல் முறித்து, உறுமி, வேகம் பிடிக்கும். அப்புறம் இரண்டாவது ஸ்விட்ச். அதன் பிறகும், பழைய ரேடியோவில் போல, வால்வுகள் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான தூசியும் மெஷின் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வரும். ஓட்டலில் தோசைக்குக் கூடக் காத்திருக்காத நான் அதற்கு மட்டும் வாயைத் திறக்காமல் காத்திருப்பேன்.

ஏன் இந்த வாத்தியத்தின் மேல் இப்படி ஒரு பைத்தியம் என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால், அழுத்திய நொடியிலிருந்தே சத்தம் சாகத் தொடங்கிவிடும். ஆர்கனில் அப்படி இல்லை. நீ விரலை எடுக்கிறவரை அது நிற்கும். நிற்கிறது என்றால் சும்மா நிற்பதில்லை, உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே மட்டும் நிற்பது போலத் தெரியும். அதை நான் அவளிடம் சொன்னபோது "சரி, உப்பு கம்மியா இருக்கா பாருங்க" என்று குழம்புக் கரண்டியை நீட்டினாள்.

ஊரில் யாரிடம் பழைய ஆர்கன் இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் பைக்கை எடுத்துவிடுவேன். பேரணாம்பட்டுக்குப் போயிருக்கிறேன், கோலார் பக்கம் போயிருக்கிறேன். ஒருமுறை கணியம்பாடி தாண்டி ஒரு வீட்டில் ஆர்கன் இருக்கிறது என்று யாரோ சொல்ல, வேகாத வெயிலில் போய்ப் பார்த்தால் அது தையல் மெஷின் மேஜை. அப்படி அலைந்ததில் கிடைத்தவன்தான் குடியாத்தம் தோஸ்த். லுங்கி நெய்கிற பவர்லூம் வைத்திருக்கிறான். இளவயதில் லைட் மியூசிக் ட்ரூப்பில் ஆர்கன் வாசித்தவன், இப்போதும் அம்மன் திருவிழா என்றால் மேடை ஏறிவிடுவான். அவனிடம் இருப்பது இத்தாலியில் செய்தது. சிவப்பு மேல்பலகை, ஸ்டீல் கால்கள். மடித்தால் பெட்டிக்குள் போய்விடும். அது தறிக்கூடத்திலேயே இருக்கும். தறிகள் தடதடவென்று ஓட, அந்த இரைச்சலுக்கு நடுவே வாசிப்பான். "கொஞ்சம் நிறுத்தேன்பா, காதுல ஒண்ணும் விழல" என்று முதல் நாள் கேட்டேன். "தறிய நிறுத்தினா எனக்குக் கை வராது தோஸ்த்" என்றான்.

அவன் வாசிப்பதைப் பார்க்க வேண்டும். வலது கை ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். இடது கை இழுப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக நகர்த்தும். கால் சத்தத்தைத் திறந்து மூடும். அந்த ஒரே சுரம் முதலில் முணுமுணுக்கும், அப்புறம் கெஞ்சும், அப்புறம் சண்டைக்கு வரும். நான் பத்து விரலாலும் அடித்து நொறுக்கி ஒரு பாட்டு முழுக்கச் சொல்வதை அவன் ஒரு விரலால் சொல்லிவிடுவான். எனக்கு வயிறு எரியும். எரிந்துகொண்டே மறுவாரமும் போவேன்.

இனி அக்கா. வேலூர் சத்துவாச்சாரியில் வீடு, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு முன்பு ஆம்பூர் கோயிலில் பாடகர் குழுவுக்கே அவள்தான் அச்சாணி. எங்கள் பக்கம் சுருதியைக் கட்டையில்தான் சொல்வோம். வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் அதுதான் சுருதியின் பெயர். அடுத்த சுற்றுக்குப் போனால் முன்னால் 'மேல்' சேரும். "மேல் நாலு கட்டையைத் தொட்டவ" என்று அக்காவைப் பற்றி ஊர் சொல்லும். கிறிஸ்மஸ் ஆராதனையில் அவள் அந்த இடத்துக்கு ஏறும்போது பெரியவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்தப் பெருமையில் அவளைச் சென்னையில் ஒரு பாட்டுப் போட்டிக்கு அனுப்பினார்கள். அங்கே பியானோ. மேல் நாலில் அவள் குரல் கிழிந்துபோனது. பாதிப் பாட்டில் மேடையை விட்டு இறங்கிவிட்டாள். "கூட்டத்தப் பாத்து பயந்துட்டா" என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டினார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். அதற்குப் பிறகு எங்கள் கோயிலைத் தவிர எங்கேயும் அவள் வாயைத் திறந்ததில்லை. யாராவது கூப்பிட்டால், "ஐயோ, எனக்கு மேடைன்னா பயம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள்.

அப்புறம் தொண்டை. எத்தனையோ வருஷம் வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டைக்குள் முடிச்சு விழுந்து, ஆபரேஷன் ஆகி, சில மாதம் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பேச்சு திரும்பி வந்தபோது குரல் தடித்திருந்தது. பையன்கள் அவளுக்குக் 'கட்டைக் குரல்' என்று பெயர் வைத்தார்கள். அதை அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். பாட்டை மட்டும் விட்டுவிட்டாள். ஞாயிறுகளில் ஆம்பூருக்கு வருவாள், ஆனால் ஆராதனையில் எல்லோரும் பாடும்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டை மூடியே நிற்பாள். அதைப் பார்த்துக்கொண்டு வாசிப்பது எனக்குத் தண்டனையாக இருந்தது.

போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் உபவாசமான லெந்து காலம் தொடங்கின சமயம். நான் சனிக்கிழமைகளில் பழகும்போது அவள் வந்து பின்னால் உட்கார ஆரம்பித்தாள். ஒருநாள் முனகினாள். மறுவாரம் வார்த்தை வந்தது. பழைய உயரமெல்லாம் இல்லை, ஆனால் ஐந்து கட்டையில் ஒரு பாட்டை மெதுவாக ஏறி இறங்கிவிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. திரும்பினால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் தனித்தனிப் பிரசங்கம், ஐந்தாம் வார்த்தைக்குப் பிறகு ஒரு தனிப்பாட்டு உண்டு. அதை நீ பாடு என்றேன். பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, "பாத்துக்கலாம்" என்றாள். அக்கா அகராதியில் அதற்கு 'சரி' என்று அர்த்தம்.

சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்தால் அது நான் இல்லையே.

எங்கள் கோயிலில் வெகுநாளாக ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து கிட்டாரோடு யார் வந்தாலும், "கோயில் கட்டைக்கு இறக்குப்பா" என்போம். எங்கள் ஆர்கனில் ஐந்து கட்டை என்பது அவர்கள் கிட்டாரில் மூன்று கட்டை. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கம்பிகளைத் தளர்த்துவார்கள். கம்பி தொளதொளவென்று கொசு மாதிரி ரீங்காரம் போடும். சினிமாக்காரர்கள் எடுப்பாக இருக்கட்டும் என்று ஏற்றி வைத்திருக்கிறார்கள், அது 'சினிமா கட்டை', நம்முடையதுதான் சரியானது என்று பாடகர் குழுவில் ஓர் ஐதீகம். முன்பிருந்த போதகர் ஒருவர், ஆர்கன் தாழ்ந்து பாடுவது தாழ்மையின் அடையாளம் என்று பிரசங்கமே செய்தார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. போனில் சுருதி பார்க்கிற ஆப் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆர்கனுக்கு வயதாகிவிட்டது, அதனால் இறங்கிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் லெந்துக்கு முன்பே வந்த அறுப்பின் பண்டிகையில்தான் குட்டு உடைந்திருந்தது. அன்றைக்குத் தெரு டிரான்ஸ்பார்மர் போய்விட்டதால், வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்தார்கள். நான் வாசிக்கிறேன், ஆர்கன் அரைக் கட்டை ஏறி நிற்கிறது. வெளியே பந்தலில் ஐஸ்கிரீம் ஸ்டால் ஃப்ரீசர் ஓட ஆரம்பித்ததும் சறுக்கி இறங்குகிறது. ஃப்ரீசர் நின்றதும் மறுபடி ஏறுகிறது. பாடகர் குழு என்னை முறைக்கிறது. எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. ஆனால் ஆராதனை முடிவதற்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. சுருதி வயதில் இல்லை, கரண்டில் இருக்கிறது. கரண்ட் எவ்வளவு வேகமாகத் துடிக்கிறதோ அவ்வளவு வேகத்தில் மோட்டார் சுற்றும். முன்பெல்லாம் கோடையில் ஆர்கன் இன்னும் கொஞ்சம் இறங்கும். "வெயிலுக்கு அதுக்கும் நாக்கு தள்ளுது" என்போம். அதுவும் கரண்ட் பற்றாக்குறையின் வேலைதான்.

பின்பலகையைக் கழற்றி, தூசியைத் துடைத்து, மோட்டார் மேல் இருந்த தகட்டைப் படித்தேன். அறுபது சைக்கிள், அதாவது நொடிக்கு அறுபது துடிப்பு, என்று வெட்டியிருந்தது. நம் ஊர் கரண்ட் ஐம்பது சைக்கிள். ஆர்கன் வந்த காலத்தில் யாரோ பெரியவர்கள் வோல்டேஜைக் கவனித்து, குறைத்துக் கொடுக்க ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி வைத்திருக்கிறார்கள். சைக்கிளை ஒருவரும் கவனிக்கவில்லை. இதைக் கோயில் பொருளாளரிடம் போய்ச் சொன்னேன். "இன்னாது, அறுபது சைக்கிளா? ஆர்கன் கூட சைக்கிளும் அனுப்பினாங்களா?" என்று கேட்டார். அவரோடு அதற்கு மேல் நான் பேசவில்லை.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. கம்பெனியில் உட்கார்ந்திருந்தால் அதே நினைப்பு. இத்தனை காலமாக அந்த மெஷின் தன் சொந்தக் குரலில் ஒருநாளும் பாடியதில்லை. எங்கள் கம்பெனி எலெக்ட்ரீஷியனிடம் கேட்டதில், கம்ப்யூட்டர் அறையிலிருந்து மாற்றி ஓரமாகப் போட்டிருந்த பெரிய யு.பி.எஸ்ஸைக் காட்டினார். ஐம்பது வேண்டுமானால் ஐம்பது, அறுபது வேண்டுமானால் அறுபது, பட்டனிலேயே மாற்றிக்கொள்ளலாம். மேனேஜரிடம் கேட்டு வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுவந்தேன். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை அதை மாட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன்.

உறுமல் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. இன்னும் ஏறியது. ஒரு கட்டையை அழுத்தினேன். ஆண்டவரே! கம்பளியை உதறினது போல இருந்தது. அடியில் மண்டிக்கொண்டிருந்ததெல்லாம் தெளிந்து, பளிச்சென்று நின்றது. எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் வாசித்தேன். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அக்கா வரட்டும், ஒன்றும் சொல்லாமல் வாசித்துக் காட்டுவோம், அசந்துபோவாள் என்று இருந்தேன்.

அக்கா பஸ்ஸில் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். ஐந்து கட்டையில் ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே அவள் நெற்றி சுருங்கியது. மூன்றாவது வரியில் குரல் பிளந்தது. நிறுத்தி, மறுபடி பாடினாள். மறுபடி பிளந்தது.

"போச்சுடா" என்றாள். அவ்வளவுதான். கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

ஆர்கனோடு அவள் பாட்டும் ஏறிவிட்டது என்பது அவள் நடந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதைச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் வாசலில் ஆட்டோ ஏறிவிட்டாள். ஆர்கனை அணைத்து, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, பைக்கை உதைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் வேலூர் பஸ் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஜன்னலில் அக்கா தலை. பைக்கை ஒரு பழக்கடை ஓரத்தில் அப்படியே விட்டுவிட்டு ஓடி ஏறினேன். அவள் பக்கத்து சீட்டில் போய் விழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். "உன் குரலுக்கு ஒண்ணும் ஆகலக்கா. ஆர்கன்தான் ஏறிடுச்சு."

"சரி."

"சரின்னா? நெஜமாத்தான் சொல்றேன்."

"டாக்டரும் நெஜமாத்தான் சொன்னாரு, வந்துடும் வந்துடும்னு. உங்க மாமாவும் நெஜமாத்தான் சொல்றாரு, நல்லாத்தான் இருக்குன்னு. எல்லாரும் நெஜமாத்தான் சொல்றீங்க. விடுடா."

ஹைவேயில் பஸ் வேகம் எடுத்துவிட்டது. காற்றும் ஹாரனும் சேர்ந்து காதை அடைத்தன. போனில் கீபோர்ட் ஆப்பைத் திறந்து, மூன்றாம் கட்டையை அழுத்தி அவள் காதில் வைத்தேன். "இதுல பாடு. மெதுவா." முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தார். அக்கா எனக்காக, சும்மா என் வாயை மூட வைப்பதற்காக, முதல் வரியை முனகினாள். சரியாக உட்கார்ந்தது. மூன்றாவது வரியும் தப்பித்தவறி வந்துவிட்டது.

"இது மூணு. போன வாரம்வரைக்கும் நீ அஞ்சுன்னு பாடினது இதத்தான்" என்றேன். சைக்கிள் கதையைச் சொன்னேன். அவள் கணக்கு டீச்சர். பாதியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கரண்ட்டு அம்பது. அதுக்கு வேண்டியது அறுபது. அப்ப ஆறுல அஞ்சு பங்கு வேகம்தான்."

"அதேதான்!"

"எப்பலேர்ந்து அப்டி?"

எனக்குக் கண்டுபிடித்த பெருமை தலைக்கேறியிருந்தது. "வந்த நாள்லேர்ந்தே!" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. எதிரே கம்பியைப் பார்த்துக்கொண்டு, "அப்ப என் மேல் நாலு?" என்றாள்.

போனைச் சட்டைப்பையில் போட்டேன். பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

"ரெண்டா?"

"ரெண்டு. அதுக்கும் ஒரு நூல் கம்மி."

தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊர் மொத்தமும் அவளுக்குக் கொடுத்திருந்த ஒரே பட்டத்தை, ஓடுகிற பஸ்ஸில் வைத்துப் பிடுங்கிவிட்டேன். குரல் போகவில்லை என்று நிரூபிக்க வந்தவன், இருந்ததையும் இல்லை என்று நிரூபித்துவிட்டேன். பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் நின்றது. லாரிகள் நின்றன. ஒரு லாரியிலிருந்து பச்சைத்தோல் வாடை அடித்தது. பஸ் மறுபடி கிளம்பியதும் அவள் சொன்னாள்.

"சென்னைல அந்தப் போட்டில பியானோ."

"ம்."

"அது சரியான கட்டைல இருந்திருக்கும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஆமாக்கா" என்றேன்.

"அங்க மேல் நாலுன்னா நெஜமாவே நாலு. நான் தொடாத எடம் அது. யாரா இருந்தாலும் கிழிஞ்சிருக்கும்." எதிர் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நான் பயப்படல."

"இல்லக்கா."

"நான் பயப்படலடா."

புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். எவ்வளவு காலமாக 'எனக்கு மேடைன்னா பயம்' என்று சிரித்துக்கொண்டே சொன்னவள். நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து கண்டக்டர் வந்து, "எங்க சார் போகணும்?" என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "வேலூர் குடுங்க. பைத்தியம் அது" என்றாள்.

அப்புறம் கோபம் வந்தது அவளுக்கு. "அத்தன பேரு இருந்தாங்களே, ஒருத்தர் கூடவா அந்தத் தகடப் பாக்கல? எதுக்கெடுத்தாலும் கமிட்டி போடுவாங்களே!" திட்டத் திட்ட முகம் தெளிந்தது. வேலூர் வருவதற்குள் நான் சொன்னேன். "நான் பழையபடியே மாத்திடறேன்க்கா. வெள்ளிக்கெழமை நீ கோயில் கட்டைலயே பாடு."

"வேணாம். அது சரியாவே இருக்கட்டும். இனிமே எனக்குப் பொய்க் கட்டை வேணாம். என் கட்டை இப்ப மூணுன்னா மூணுன்னே சொல்லு. நீ மூணுல வாசி."

"எனக்கு அந்தப் பாட்டு அஞ்சுலதான் கை வரும்."

"கத்துக்கோ. நான் பேசறதுக்கே மறுபடி கத்துக்கிட்டேன்."

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. நான் யு.பி.எஸ்ஸைக் கழற்றவில்லை. முதல் பாட்டிலேயே ஆண்கள் பாதிப்பேர் கழன்றுகொண்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. பொருளாளர் நேராக வந்து, "இன்னா தம்பி, ஆர்கன் பேய் புடிச்ச மாதிரி கத்துது?" என்றார். போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பொறுமையான மனிதர். "ஜனங்க பாட முடியலன்னா அது ஆராதனை இல்ல தம்பி" என்றார். எல்லாப் பாட்டையும் இறக்கி வாசிக்கிறேன், ஒரு வாரம் பொறுங்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்தபிறகுதான் என் விரல்களைப் பார்த்தேன். விரல் பழகிய தடத்தை விட்டு வேறு தடத்தில் வாசிப்பது என்பது, இடது கையால் சாப்பிடுவது மாதிரி. வாய் எங்கே என்று தெரியும், ஆனாலும் சிந்தும்.

குடியாத்தம் தோஸ்தைக் கூப்பிட்டேன். சாயங்காலம் சாயங்காலம் பஸ் பிடித்து வந்தான். ட்ரூப்பில் வாசித்தவனுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. பாடுகிறவர் எந்தக் கட்டையைக் கேட்கிறாரோ அதில் வாசித்தே வளர்ந்தவன். எங்கள் ஆர்கன் முன்னால் உட்கார்ந்து, என் பாட்டை மூன்றில் வாசித்தான், நாலில் வாசித்தான், வேண்டுமென்றே கறுப்புக் கட்டைகளில் வாசித்தான். "தறி இல்லாமயே வருதேப்பா உனக்கு" என்றேன். "உன் யு.பி.எஸ் ஃபேன் போடற சத்தம் போதும்" என்றான். நான் தப்பு விடும்போதெல்லாம் எழுந்து நடக்கப் போவேன். அவன் என் தோளைப் பிடித்து உட்கார வைப்பான். "ஓடாத தோஸ்த். ஷிப்மென்ட் இல்ல இது." எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருக்கும். உட்கார்ந்தேன். வாசித்தேன். அக்கா பள்ளிக்கூடம் முடிந்து போன் செய்து, போனிலேயே பாடிப் பார்ப்பாள். ஒருநாள் வரும், ஒருநாள் வராது. மூன்றாவது வரி மட்டும் எப்போதும் கத்தி மேல் நடப்பதுதான். 'வந்துடும்' என்று நான் சொல்லவில்லை. அந்த வார்த்தையை எங்கள் இரண்டு பேருக்குள் தள்ளி வைத்துவிட்டோம்.

பெரிய வெள்ளிக்கிழமை. உச்சி வெயில். உபவாசத்தில் வாடிய முகங்கள், எல்லாம் வெள்ளை உடை. கோயில் நிறைந்து, வெளியே பந்தலிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். தெரு முனைவரைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். முதல் நான்கு வார்த்தைகளுக்கான பாட்டுகளை இறக்கியே வாசித்தேன். இரண்டு இடத்தில் தடுக்கினேன், ஜனங்கள் பாடிக்கொண்டே என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. ஐந்தாம் வார்த்தையின் பிரசங்கம் முடிந்தது. அக்கா எழுந்து மைக்குக்கு வந்தாள். முன்பெல்லாம் பாடும்போது அவள் பக்கவாட்டில் நிற்பாள், பாடகர் குழுவைப் பார்த்து. அன்றைக்கு நேராக ஜனங்களைப் பார்த்து நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, விரலால் மூன்று என்று காட்டினாள்.

இழுப்புக் கம்பிகளில் ஒன்றிரண்டை மட்டும் இழுத்து, தோஸ்த் பிடிப்பது போல ஒரே சுரத்தைப் பிடித்தேன். அதன் மேல் அவள் ஏறினாள். தடித்த குரல்தான். ஆனால் அதில் ஒரு வார்த்தை கூட நழுவவில்லை. முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்கள். மூன்றாவது வரியில், அதே இடத்தில், குரல் உடைந்தது.

நான் கையை எடுத்துவிட்டேன். வேண்டும் என்று எடுக்கவில்லை. அவள் நிறுத்திவிடுவாள், கைப்பையை எடுப்பாள், நடந்துவிடுவாள் என்று கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது போல, தானாக எழும்பிவிட்டது. விசிறிகள் மட்டும் சுற்றின.

"இன்னாடா நிறுத்திட்ட? வாசி" என்றாள் அக்கா.

மைக் திறந்துதான் இருந்தது. அது கோயிலுக்குள் எதிரொலித்து, பந்தலைத் தாண்டி, தெருமுனை ஸ்பீக்கர்வரை போய்ச் சேர்ந்தது. பின்னால் ஒரு குழந்தை சிரித்தது. போதகர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

வாசித்தேன். அவள் விட்ட இடத்திலிருந்து பாடவில்லை. மூன்றாவது வரியைத் தொடக்கத்திலிருந்து எடுத்தாள். அதே இடத்தில் மறுபடி உடைந்தது. உடைந்தபடியே அந்த வரியை முடித்துவிட்டு நாலாவது வரிக்குப் போனாள். நான் கையை எடுக்கவில்லை.